வோமெரி இறக்கத்தில் மூணு தட்டு

சாயங்காலம் அஞ்சேகால் மணி. டிசம்பர் மாசம், அதனால அஞ்சேகாலுக்கே கும்மிருட்டு. பார்-லெ-டுயூக் ஸ்டேஷன் தாண்டி வோமெரி மேட்டு உச்சி. அங்க என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒண்ணுமே இல்ல. ஒரு கேட்டுக்காரன் குடிசைகூடக் கிடையாது. ரெண்டு பக்கமும் காடு, நடுவுல தண்டவாளம், அப்புறம் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரே இறக்கம்...

கதவை நல்லா சாத்துங்கடா. நான் சத்தமாப் பேச மாட்டேன், கிட்ட வந்து உக்காருங்க. மேல ஒருத்தன் தூங்குறான். காலைல அஞ்சு நாப்பதுக்கு வண்டி எடுக்கணும் அவன். அவன் முழிச்சுக்கிட்டா நல்லா இருக்காது.

டேய் ஃபிர்மேன், அந்தச் சாராய பாட்டிலை மடியில வச்சுக் கொஞ்சினது போதும், சுத்துல விடு. லியோன்ஸ், நீ ஏன் படிக்கட்டுல போய் உக்காந்திருக்க, அந்த இரும்புக் கைப்பிடியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு? அடுப்புப் பக்கம் வா. வரலையா... சரி, உன் இஷ்டம். பெல்ஃபோர்ட்காரனுக்குக் குளிரு புதுசா என்ன. ஆனா ஒண்ணு, நான் இதை உனக்குத்தான் சொல்றேன். மத்தவங்க சும்மா கேட்டுக்கங்க.

எனக்கு நடந்ததில்ல இது. என் சம்சாரம் மெலனியோட தம்பிக்கு நடந்தது. பேரு சொல்ல மாட்டேன். நான் சரக்கு வண்டிக்காரன், பனியில மாட்டிக்கிட்டு இன்னிக்கு ஒரு ராத்திரி இந்த டிப்போ விடுதியில ஒதுங்கினவன். எங்க வீட்டு ஆளுங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது. மச்சினன்னே வச்சுக்கங்க.

நாலு வருஷம் முன்னாடி. எபெர்னே டிப்போ. மச்சினன் அப்ப எஞ்சின்ல கரி அள்ளிப் போடுற ஃபயர்மேன். பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டா. ஒரே பொண்ணு, பேரு ஓதில், ரெண்டு வயசு. எங்க வீட்டுலதான் வளர்ந்தா. எங்களுக்குப் பிள்ளை இல்ல, அதனால மெலனி தூக்குன கைக்குழந்தையைக் கீழ விடல. மச்சினன் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவான். வாசல்லேயே நின்னுக்கிட்டு "ஓதில்"னு கூப்பிடுவான். அது எங்க இருந்தாலும் தத்தித் தத்தி ஓடி வரும். இந்த ஓதில்ங்கிற பேரை மனசுல வச்சுக்கங்க.

அவனுக்குக் குடுத்த எஞ்சின் ஒரு கிராம்ப்டன். லியோன்ஸ், உங்க பக்கம் கிராம்ப்டன் இல்லன்னு கேள்விப்பட்டேன், அதனால சொல்றேன். பாய்லர் தாழ்வா, நீளமா, தரையோட படுத்த மாதிரி இருக்கும். முன்னாடி எல்லாம் சின்னச் சக்கரம். பெரிய சக்கரம் ஒரே ஒரு ஜோடி, ரெண்டேகால் மீட்டருக்கு மேல உசரம், அது கடைசில இருக்கு. அடுப்புக்கும் பின்னால. நாம நிக்கிற இடத்துக்கு வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வேலை. காதுகிட்டயே சுத்திக்கிட்டு இருக்கும். வேகம்னா அது வேகம். கிண்ணத்துல சூப் வச்சாலும் சிந்தாது. எக்ஸ்பிரஸ்னா அந்தக் காலத்துல அதுதான், வேற எதையும் நாங்க மதிக்கல.

ஒரே தொல்லை கொழுப்பு. சிலிண்டர் ரெண்டும் வெளிய, வண்டியோட நடு இடுப்புல. அதுக்கு உருக்கின மாட்டுக் கொழுப்பு ஊத்தணும். வண்டி நிக்கிறப்ப ஊத்தினது போதாது, ஓடுறப்பவும் ஊத்தணும். அதுக்கு ஃபயர்மேன் வெளிய போகணும். ஒண்ணரை ஜாண் அகலத்துல ஒரு இரும்புத் தகடு, பாய்லர் ஓரமா ஒரு கைப்பிடிக் கம்பி. ஒரு கைல கொழுப்புக் கெண்டி. பெரிய சக்கரத்தை ஒட்டிக் கடந்து, முன்னாடி போய், குனிஞ்சு, சிலிண்டர் மேல இருக்கிற கொழுப்புக் கிண்ணத்தோட திருகைத் திறந்து ஊத்தணும். நூறு கிலோமீட்டர் வேகத்துல.

அந்த நேரத்துல டிரைவர் ஆவியைத் திறந்து விடுற ரெகுலேட்டரை மூடியே வச்சிருக்கணும். ஆவி போகலன்னா சிலிண்டர் தானா கொழுப்பை உறிஞ்சிக்கும். திருகு திறந்திருக்கிறப்ப ஆவி விட்டா... கொதிக்கிற கொழுப்பும் ஆவியும் சேர்ந்து நேரா மூஞ்சில அடிக்கும். கை நழுவும். விழுந்தா எங்க விழுவான்? பின்னால என்ன சக்கரம் வருதுன்னு இப்பதான் சொன்னேன்.

அதனாலதான் இறக்கத்துல மட்டும் ஊத்துறது. வோமெரி உச்சில ரெகுலேட்டரை மூடுவாங்க. இவன் போவான். ஆனா குனிஞ்சு வேலை செய்யிறவன் டிரைவர் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கத்தினாலும் கேக்காது. அதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. கைப்பிடிக் கம்பி முன்னாடியிலேருந்து டிரைவர் நிக்கிற இடம் வரைக்கும் ஒரே குழாய். டிரைவர் அதோட முனையில உள்ளங்கையை வச்சிருப்பான். ஊத்தி முடிச்சு, திருகை மூடினதும், ஃபயர்மேன் திருகு சாவியால கம்பில தட்டுவான். ரெண்டு சேர்ந்தாப்ல... கொஞ்சம் விட்டு ஒண்ணு. டிரைவருக்கு அது காதுல கேக்காது. உள்ளங்கைல தெரியும். உடனே ஆவியைத் திறப்பான். இறக்கத்துக்கு அடியில அடுத்த மேடு ஆரம்பிக்குது, அதுக்குள்ள வேகம் வேணும்.

ஒருத்தன் உசுரு இன்னொருத்தன் உள்ளங்கைல. அப்படித்தான் வேலை பார்த்தோம், யாரும் அதைப் பெருசா நினைக்கல.

மச்சினனுக்கு முன்னாடி அந்த எஞ்சின்ல ஃபயர்மேன் வோத்ரோ. டிரைவர் கொலிஞோன். பதினோரு வருஷம் ரெண்டு பேரும் அதே எஞ்சின்ல, அதே தகரப் பெட்டில சாப்பாட்டைச் சூடு பண்ணித் தின்னவங்க. ஒரு நவம்பர் சாயங்காலம், அதே இறக்கம். வோத்ரோ வெளிய போனான். திரும்பி வரல. லைன்ல தேடி எடுத்தாங்க. மூஞ்சி முழுக்க வெந்திருந்தது. எஞ்சினைப் பாத்தா திருகு திறந்தே கிடக்கு.

விசாரணைல கொலிஞோன் சொன்னது ஒரே வார்த்தை. தட்டு வந்துச்சு, திறந்தேன். ரெண்டு, அப்புறம் ஒண்ணு. கைல நல்லாத் தெரிஞ்சுதுன்னான். திருகை மூடாம எவன் தட்டுவான்? அதுவும் வோத்ரோ, பதினோரு வருஷம் ஊத்தினவன். யாரும் நம்பல. சாட்சியும் இல்ல, அதனால விட்டுட்டாங்க. டிப்போ முழுக்க அரசல் புரசலாப் பேசினாங்க. ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள என்னவோ இருந்திருக்குன்னு. வோத்ரோவுக்கு டிரைவர் வேலை வர இருந்துச்சு, அந்த எஞ்சினையே அவனுக்குக் குடுக்கப் போறாங்க, அது கொலிஞோனுக்குப் பொறுக்கலன்னு. நானும் பேசினேன். மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமாவே பேசினேன்.

அந்த எஞ்சினுக்குத்தான் மச்சினனைப் போட்டாங்க. போட்ட அன்னிக்கே மெலனி அழுதா. நான் அவனைத் தனியாக் கூட்டிப் போய் சொன்னேன், அந்த ஆளுக்கு முதுகைக் காட்டாதன்னு. காட்டாம எப்படிடா வேலை பாக்குறது? முதுகைக் காட்டித்தான் வெளிய போகணும். அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

மொத நாளே சந்தேகம் பலமாச்சு. கொலிஞோன் அந்தக் கைப்பிடிக் கம்பி முனையைத் தடியான தோலால சுத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வச்சிருக்கான். கையை வச்சாலும் ஒண்ணும் தெரியாது. மச்சினன் ஏன்னு கேட்டதுக்கு, இனிமே தட்டு வேண்டாம், ஊத்திட்டுத் திரும்பி வந்து என் முன்னால நில்லு, உன் மூஞ்சியைப் பாக்காம திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கான். அவ்வளவுதான் பேச்சு. ஒரு குசலம் கிடையாது, ஊரு கேக்கல, பிள்ளைகுட்டி கேக்கல.

மச்சினன் வந்து என்கிட்ட சொன்னான். எனக்கு அது பிடிக்கவே இல்ல. தட்டினதாப் பொய் சொன்ன ஆளு, இப்ப தட்டே வேண்டாங்கிறான்னா என்ன அர்த்தம்? நான் அப்படித்தான் யோசிச்சேன். நீங்களும் அப்படித்தான் யோசிச்சிருப்பீங்க.

ஒரு மாசம் ஓடுச்சு. ஒவ்வொரு தடவையும் மச்சினன் கெண்டியோட வெளிய போவான். திருகைத் திறக்கிறப்ப மூஞ்சியை ஒரு பக்கமாத் திருப்பிக்குவானாம். ஊத்தி மூடிட்டுத் திரும்பி வந்து நிப்பான். கொலிஞோன் விளக்கைத் தூக்கி மூஞ்சிகிட்ட புடிச்சு, ஏதோ கள்ள நோட்டைப் பாக்குற மாதிரி பாப்பான். அப்புறம்தான் திறப்பான். அடுத்த மேட்டுக்கு வேகம் பத்தாது, தினம் ரெண்டு மூணு நிமிஷம் தாமதம். மேலதிகாரி திட்டுவான். கொலிஞோன் மறுநாளும் அதையே செய்வான்.

அப்புறம் ஒரு நாள்... அந்தத் தோல் அவிழ்ந்து போச்சு. சூட்டுல கயிறு இத்துப் போயிருக்கணும். இறக்கம் ஆரம்பிச்சாச்சு, ரெகுலேட்டர் மூடியாச்சு. மச்சினன் இன்னும் வெளிய போகல. கெண்டியை எடுக்கக் குனிஞ்சவன், புடிமானத்துக்குக் கம்பியைப் புடிச்சான்.

உள்ளங்கைல வந்துச்சு. ரெண்டு சேர்ந்தாப்ல. கொஞ்சம் விட்டு ஒண்ணு.

வெளிய யாரும் இல்ல. ஃபயர்மேன் இவன்தான், இங்க நிக்கிறான். திரும்பிக் கொலிஞோனைப் பாத்தான். அந்த ஆளு இவன் கையையே பாத்துக்கிட்டு நிக்கிறான். "வந்துச்சா?"ன்னு கேட்டான். மச்சினன் கம்பிலேருந்து கையை எடுத்துட்டான். அன்னிக்குக் கொழுப்பு ஊத்தவும் போகல.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடாம என்கிட்ட சொன்னான். அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த ஆளு காலால தட்டியிருப்பான்டான்னேன். அந்தக் கம்பியைத் தாங்குற முட்டு அவன் காலடிலதானே இருக்கு, பூட்ஸால மூணு உதை விட்டா உனக்கு அப்படித்தான் தெரியும், தன்னை நல்லவன்னு உன்னை நம்ப வைக்கப் பாக்குறான்னேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. அவனும் யோசிச்சுப் பாத்துட்டு, இருக்கலாம்னான். அன்னிக்கு நான் சும்மா இருந்திருந்தா அவன் கொலிஞோனை நம்பியிருப்பான். 

ஃபிர்மேன், ஏன் பாட்டிலைக் கீழ வச்சுட்ட? உனக்குப் புரிஞ்சிருச்சு போல. வாயைத் திறக்காத. நானே சொல்லிக்கிறேன்.

ஒரு வாரம் கழிச்சு கொலிஞோன் புதுசா ஒண்ணு கேட்டான். மூஞ்சி மட்டும் பத்தாது, திரும்பி வந்ததும் உன் பொண்ணு பேரையும் சொல்லு, அதைக் கேட்டுட்டுத்தான் திறப்பேன்னு. பொண்ணு இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்னு மச்சினனுக்கு ஆச்சரியம். எனக்குக் கோவம். குழந்தை பேரை எதுக்கு அந்த ஆளு வாயில போட்டு மெல்லணும்? இன்னிக்கு மூஞ்சியைக் காட்டுங்கிறான், நாளைக்குப் பேரைச் சொல்லுங்கிறான், உன்னைப் பொம்மை மாதிரி ஆட்டி வைக்கிறான், சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். மச்சினன் போய், சொல்ல முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்.

கொலிஞோன் "சரி, உன் இஷ்டம்"னு மட்டும் சொன்னானாம்.

அப்புறம் வந்ததுதான் அந்த டிசம்பர் சாயங்காலம். அஞ்சேகால் மணி. நான் ஆரம்பத்துல சொன்ன இடம். இனிமே சொல்றது கொலிஞோன் எனக்குச் சொன்னது. அவன் வேலையை விட்டுப் போறதுக்கு முந்தின நாள், டிப்போ பின்னாடி சாம்பல் குழிகிட்ட நிக்க வச்சு சொன்னான்.

பனி கொட்டுது. பூ மாதிரித் தூறல் இல்ல, மாவைக் கொட்டுற மாதிரி அடைச்சுக்கிட்டு. உச்சில ரெகுலேட்டரை மூடினான். மச்சினன் கெண்டியை எடுத்துக்கிட்டு வெளிய போனான். முன்கண்ணாடி முழுக்கப் பனி, ஒண்ணும் தெரியல. கம்பி முனையில மறுபடியும் தோல் சுத்திக் கட்டியிருக்கு. ஆனா அந்தத் தோலுக்கு மேலயே தெரிஞ்சுதாம். மூணு தட்டு. கொலிஞோன் திறக்கல. கையை எடுத்துட்டான்.

கொஞ்ச நேரத்துல மச்சினன் திரும்பி வந்தான். பெரிய சக்கரத்தை ஒட்டி உள்ள காலை வச்சு, எதிர்ல வந்து நின்னான். கொலிஞோன் விளக்கைத் தூக்கிப் புடிச்சான். அதே மூஞ்சி. அதே மீசை, புகையில மஞ்சளான நுனி. இடது புருவத்துல சின்ன வயசுல விழுந்த தழும்பு. "முடிஞ்சுதா?"ன்னு கேட்டான். மச்சினன் தலையை ஆட்டினான்.

திறந்தான்.

முன்னாடியிலேருந்து ஒரு சீறல் வந்துச்சாம். ஆவிச் சத்தம்தான். அதுக்குள்ள இன்னொரு சத்தம்... அதை அவன் எனக்குச் சொல்லல. வெந்த கொழுப்பு வாடை. அப்புறம் இடது பக்கத்துல வண்டி லேசா ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. ரொம்ப லேசா. கல்லு மேல ஏறி இறங்குன மாதிரி.

கொலிஞோன் ரெகுலேட்டரை அறைஞ்சு மூடிட்டுத் திரும்பிப் பாத்தான். மச்சினன் அங்கதான் நிக்கிறான். கரி அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கான். ஒரு தப்பும் இல்ல. அப்பதான் அவன் தொப்பியைப் பாத்தானாம். வெளிய மாவு மாதிரி பனி கொட்டுது, அஞ்சு நிமிஷம் அதுல நின்னவன். தொப்பியில ஒரு பொட்டு பனி இல்ல. தோள்ல இல்ல. மீசையில இல்ல. காஞ்சு கிடக்கு.

"உன் பொண்ணு பேரு என்ன?"ன்னு கேட்டான் கொலிஞோன்.

அது கரி போடுறதை நிறுத்தல. முதுகைக் காட்டிக்கிட்டே சொல்லுச்சாம். "அதான் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேனே."

நான் கொலிஞோனை நம்பல. நம்ப மனசு வரல. ஆளைக் கொன்ன பைத்தியம், இப்ப முத்திருச்சுன்னு நினைச்சேன். ஏன்னா மச்சினன் அன்னிக்கு ராத்திரி நல்லபடியா வண்டியோட போய்ச் சேந்திருக்கான். எல்லாரும் பாத்திருக்காங்க.

ஆனா எனக்கு இன்னொரு விஷயம் இருந்துச்சு. அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. மெலனிகிட்டகூட.

அந்தப் பனிக்கு மறுநாள் மத்தியானம் என் சரக்கு வண்டி அந்தப் பக்கம் போச்சு. இறக்கத்துக்கு அடியில உள்ள சின்ன ஸ்டேஷன்ல சிவப்புக் காட்டி நிறுத்தினாங்க. லைன் பாக்குறவன் ஒருத்தன் வந்து, ஒரு ஆளு அடிபட்டுக் கிடக்கான், உங்க ஆளா பாருங்கன்னு கூட்டிட்டுப் போனான். சாமான் அறையில, சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாங்க. மூஞ்சின்னு ஒண்ணு இல்ல. கொழுப்பு ஆறிப் போய் வெள்ளையா உறைஞ்சிருந்தது, மெழுகு மாதிரி. ஃபயர்மேன் சட்டை, கால்சட்டை. அதை யாரும் எங்கயும் வாங்கலாம். ஒரு பூட்ஸ் எங்கயோ போயிருச்சு. அந்தக் கால் சாக்குக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. குதிகால்ல கிழிசல். நீல நூலால தச்சிருக்கு. மெலனி தையல். அவளுக்கு நேராத் தைக்க வராது, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். கல்யாணம் ஆன நாளா நானும் அந்தத் தையலைத்தான் காலுல போட்டுக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?

யாருன்னு கேட்டான் லைன்காரன். தெரியலன்னு சொல்லிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வண்டியைக் கொண்டு போய்ச் சேத்துட்டு வீட்டுக்கு வந்தேன். எல்லா டிப்போவுக்கும் கேட்டு அனுப்பினதா அப்புறம் தெரிஞ்சுது. எந்த டிப்போவிலயும் ஒரு ஆள் குறையல. வண்டிக்கு அடியில ஒளிஞ்சு வந்த நாடோடின்னு எழுதி, அந்த ஊரு கல்லறையில பேரில்லாத ஒரு சிலுவை நட்டுப் புதைச்சுட்டாங்க.

கதவைத் திறந்தா மச்சினன் உக்காந்திருக்கான். என் மேசையில. முட்டைக்கோஸ் சூப் குடிச்சுக்கிட்டு. மெலனி பக்கத்துல நின்னு ரொட்டி நறுக்குறா. காலை நெருப்புகிட்ட நீட்டி வச்சிருக்கான். அதே சாம்பல் நிறக் காலுறை. குதிகால் தெரிஞ்சுது. கிழிசலும் இல்ல, தையலும் இல்ல.

என்னைப் பாத்து, "வாங்க அத்தான், பனி ரொம்பவோ?"ன்னு கேட்டான். குரல் அவன் குரல்தான்.

நான் உக்காந்து சூப் குடிச்சேன். வேற என்ன செய்ய? பித்துப் புடிச்சவன் மாதிரி குடிச்சேன். ஓதில் கதவோரமா நின்னுக்கிட்டு இருந்தா. அவன்கிட்ட வரல. அவனும் கூப்பிடல. போறப்ப, "குட்டி, வரட்டா"ன்னான். அவ்வளவுதான்.

நாலு வருஷமாச்சு. இப்ப ஆறு வயசு அவளுக்கு. குட்டிங்கிறான், பாப்பாங்கிறான், ஏய் சின்னவளேங்கிறான். ஓதில்னு ஒரு தடவை கூப்பிட்டு நான் கேக்கல. மெலனி கூப்பிடுறதை வர்றப்பல்லாம் கேக்குறவன், ஆனா அவன் வாயில மட்டும் அந்தப் பேரு வர மாட்டேங்குது. அவளும் அவன் வந்துட்டுப் போற வரைக்கும் என் கோட்டுக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பா. அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கு. அவளோட அப்பனை என் வாயால கொன்னது நான். கொலிஞோன் கேட்டபடி ஒரு பேரைச் சொல்ல விட்டிருந்தா அவன் இன்னிக்கு வாசல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருப்பான்.

போன வருஷம் அவனுக்கு டிரைவர் வேலை குடுத்தாங்க. புது எஞ்சின் தர்றோம், நாலு சக்கரம் சேர்த்து இழுக்குறதுன்னாங்க. வேண்டாம், அந்தக் கிராம்ப்டனே போதும்னான். யாருக்கும் வேண்டாத எஞ்சின், அதனால சந்தோஷமாக் குடுத்துட்டாங்க. இதுவரைக்கும் இருந்த ஃபயர்மேன் கிழவன், மாரடைப்புன்னு போன வாரம் படுத்துட்டான். புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு அவன் சொன்னான். "புது ஃபயர்மேன் வர்றான் அத்தான். பெல்ஃபோர்ட்காரன். ஆபீஸ்ல நின்னுக்கிட்டு இருந்தான், மூஞ்சியை நல்லாப் பாத்து வச்சுக்கிட்டேன்"னான். எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

லியோன்ஸ், இன்னிக்குப் பனியில மாட்டினேன்னு சொன்னேன்ல. பொய். வாசல்ல இருக்கிற போர்டைப் பாக்கத்தான் வந்தேன். நீயும் பாத்திருப்ப. நாளைக்குக் காலைல அஞ்சு நாப்பது, எஞ்சின் நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு, டிரைவர் திரியோன், ஃபயர்மேன் நீ. அந்தத் திரியோன்தான் என் மச்சினன். மேல நாலாவது கட்டில்ல படுத்திருக்கான். அதான் இவ்வளவு நேரமும் குசுகுசுன்னு பேசினேன்.

காய்ச்சல்னு சொல்லிட்டுப் படு. கால் சுளுக்குன்னு சொல்லு. வேலையே போனாலும் போகட்டும், நான் உனக்கு எங்க டிப்போவுல கேட்டுப் பாக்குறேன். நீ அந்தத் தகட்டுல கால் வைக்காத, எனக்கு வேற ஒண்ணும்...

என்னடா? ஏன் உன் கையையே பாக்குற?

எல்லாரும் ஆடாம இருங்க. ஃபிர்மேன், பெஞ்சை உதைக்காத.

லியோன்ஸ்... அந்தப் படிக்கட்டுக் கைப்பிடி மேல அவன் படுத்திருக்கிற இடம் வரைக்கும் ஒரே கம்பிதானே போகுது? கையை எடுக்காத, மெதுவாச் சொல்லு. எப்படி வந்துச்சு? ரெண்டு சேர்ந்தாப்ல... கொஞ்சம் விட்டு ஒண்ணா?